முழங்கால் லிகமென்ட், மெனிஸ்கஸ் அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கபடியில் பிடியிலிருந்து திமிறித் திரும்பும்போது, பைக் சறுக்கி விழும்போது, கால்பந்தில் எவரும் மோதாமலேயே பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பிவிடும்போது முழங்கால் ஜவ்வு போகிறது. அடுத்த வாரம் கையில் எம்.ஆர்.ஐ. அறிக்கை, அதற்கடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்குத் தேதி என்று காரியங்கள் வேகமாக நடந்துவிடுகின்றன. இந்த அவசரத்தில் கேட்காமல் விட்ட கேள்விகளைத்தான் ஆறு மாதம் கழித்துப் பலர் கேட்கிறார்கள். அவற்றை முன்கூட்டியே கேட்டுவிடுவதற்காக இந்தத் தொகுப்பு. உங்கள் முழங்காலைக் கையால் அசைத்துச் சோதித்த மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது.

ஸ்கேனில் 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை கட்டாயமா?

எந்த ஜவ்வு என்று முதலில் கேளுங்கள். முழங்காலில் எலும்புகளைப் பிணைத்து வைக்கும் முக்கியமான லிகமென்ட்கள் நான்கு. மூட்டுக்குள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்லும் சிலுவை லிகமென்ட்கள் இரண்டு: முன்னே ஏசிஎல், பின்னே பிசிஎல். உட்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல். இவை போக, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு மெனிஸ்கஸ்கள், இயந்திரத்தில் வாஷர் செய்யும் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அறிக்கையில் இவற்றுள் எது கிழிந்திருந்தாலும் வீட்டில் அதை 'ஜவ்வு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் சிகிச்சை ஒன்றல்ல.

எம்சிஎல் தனியாகக் கிழிந்தால் பிரேஸ் (முழங்காலைத் தாங்கும் பட்டை) போட்டு, பயிற்சி செய்து, பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடலாம். பிசிஎல் தனியாகப் பகுதியளவு கிழிந்தவர்களிலும் பலருக்குக் கத்தி வேண்டியதில்லை. முழுதாக அறுந்த ஏசிஎல் தானாகப் பழையபடி ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்ட சிலரின் பிந்தைய ஸ்கேன்களில் அது மீண்டும் தொடர்ச்சியாகத் தெரிந்திருக்கிறது என்பதும் உண்மை. மெனிஸ்கஸுக்கு இரத்த ஓட்டம் வெளிவிளிம்பில் மட்டுமே உண்டு. விளிம்பில் கிழிந்தால் ஆற வாய்ப்பிருக்கிறது, உள்வட்டத்தில் கிழிந்தால் மிகக் குறைவு.

இன்னொன்று: ஸ்கேனில் தெரியும் கிழிசல்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ இருந்ததே இல்லை. ஐம்பதைக் கடந்தவரின் ஸ்கேனில் கிழிசல் தெரிவது ஏறக்குறைய தலைமுடி நரைத்திருப்பதற்குச் சமமான செய்தி. இதைத் தெரிந்துகொண்டு அறிக்கையைப் படித்தால் பாதிப் பதற்றம் குறையும்.

ஏசிஎல் முழுதாக அறுந்துவிட்டது. உடனே செய்துகொள்வதா, பயிற்சி செய்து பார்ப்பதா?

இந்தக் கேள்விக்கு மூன்று நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமாகப் பேசுவதுபோல் தோன்றும். யாரை வைத்து நடத்தினார்கள் என்று பார்த்தால் குழப்பம் இல்லை.

முதலாவது சுவீடனில் நடந்தது. அண்மையில் ஏசிஎல் அறுந்த 18 முதல் 35 வயது வரையுள்ள 121 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை. மறுபிரிவுக்கு முதலில் முறையான பயிற்சி, அதன் பிறகும் கால் நிலைகொள்ளாவிட்டால் மட்டும் அறுவை சிகிச்சை. 2010 இல் வந்த இரண்டாண்டு முடிவிலும் 2013 இல் வந்த ஐந்தாண்டு முடிவிலும் இரு பிரிவினரின் முழங்கால் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். மீதிப் பாதிப் பேருக்கு அது தேவைப்படவில்லை. தொழில்முறை விளையாட்டு வீரர்களை இதில் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது நெதர்லாந்தில் 167 பேரைக் கொண்டு நடந்து 2021 இல் வெளியானது. தங்கள் முழங்கால் நிலைக்கு நோயாளிகளே தந்த மதிப்பெண், சீக்கிரம் செய்துகொண்டவர்களிடம் இரண்டாண்டு முடிவில் சற்றே கூடுதலாக இருந்தது. நோயாளி அந்த வேறுபாட்டை உணர்வாரா என்பது ஆய்வாளர்களுக்கே ஐயம். இங்கும் பயிற்சிப் பிரிவில் பாதிப் பேர் கத்தி இல்லாமலே இருந்தார்கள்.

மூன்றாவது 2022 இல் பிரிட்டனிலிருந்து வந்தது. இதில் சேர்ந்த 316 பேர் புதிதாக அடிபட்டவர்கள் அல்லர். அடிபட்டு நாளாகியும் கால் நழுவிக்கொண்டே இருந்தவர்கள். இவர்களிடையே அறுவை சிகிச்சைப் பிரிவு 18 மாதத்தில் தெளிவாக முன்னே நின்றது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் வழிகாட்டல் இதுதான். அடிபட்ட புதிதில், வேறு சிக்கல் இல்லாதவருக்கு, பயிற்சியில் தொடங்குவதால் எதுவும் கைவிட்டுப் போய்விடாது. மூன்று மாதம் உண்மையாகப் பயிற்சி செய்தும் படி இறங்கும்போதோ திரும்பும்போதோ கால் மடங்கி நழுவுகிறது என்றால், மேலும் பயிற்சி என்று காலத்தைக் கடத்துவதில் பொருளில்லை. கபடி, கால்பந்து, கூடைப்பந்து என்று வெட்டித் திரும்பும் விளையாட்டுக்கு மறுபடியும் போக விரும்பும் இருபது வயதுக்காரரின் கணக்கு வேறு. அவருக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் சீக்கிரமே செய்துகொள்ளச் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

'மூன்று மாதம் பயிற்சி' என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, எடை ஏற்றி, வியர்க்க வியர்க்கச் செய்வது. படுத்துக்கொண்டு மின்சாரப் பட்டைகளை ஒட்டிக்கொள்வதற்கும் சூடு ஒத்தடத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

தள்ளிப்போட்டால் நட்டம் உண்டா?

கால் நழுவாமல் இருந்தால் பெரிதாக இல்லை. நழுவிக்கொண்டிருந்தால் உண்டு. ஒவ்வொரு முறை மூட்டு நழுவும்போதும் உட்பக்க மெனிஸ்கஸ் இடையில் மாட்டி நசுங்குகிறது. லிகமென்ட் புதிதாக வைத்துவிடலாம், அழிந்த மெனிஸ்கஸை அப்படி வைக்க முடியாது.

மறுபக்கம், வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் அடிபட்ட முதல் வாரமே கத்தி வைத்தால் மூட்டு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். வீக்கம் வடிந்து, முழங்கால் முழுதாக நீட்ட வந்து, தொடைத் தசை விழித்துக்கொண்ட பிறகு செய்வதே நல்லது.

உடனே ஓட வேண்டிய நிலை எது?

முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றால் மெனிஸ்கஸின் பெரிய துண்டு ஒன்று புரண்டு மூட்டின் நடுவே சிக்கியிருக்கலாம். 'பக்கெட் ஹேண்டில்' கிழிசல் என்பார்கள். இளையவர்களுக்கு இதைத் தைத்துக் காப்பாற்ற முடியும், ஆனால் வாரங்கள் கழியக் கழிய அந்தத் துண்டு நைந்துவிடும்.

பைக் விபத்தில் இரண்டு மூன்று லிகமென்ட்கள் ஒன்றாக அறுந்து, மூட்டே விலகி, பிறகு தானாகப் பழைய இடத்துக்கு வந்திருக்கும். வெளியே பார்த்தால் வெறும் வீக்கம்தான். முழங்காலுக்குப் பின்னே ஓடும் பெரிய இரத்தக்குழாய் அதில் சேதமாகியிருந்தால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரும். பாதம் சில்லிட்டு, வெளிறி, மரத்து, கால்விரல்களைத் தூக்க முடியாமல் இருந்தால் எலும்பு ஸ்கேன், கட்டு என்று எதற்கும் காத்திருக்கக் கூடாது.

எனக்கு 52 வயது. மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறது. 'சிறு துளை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம், மாலையே வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

மூட்டு அறுவை சிகிச்சைகளில் இவ்வளவு கறாராகச் சோதிக்கப்பட்டு, இவ்வளவு தெளிவாகக் கீழிறக்கப்பட்ட வேறொன்றைச் சொல்வது கடினம். அப்படியிருந்தும் அது இன்னும் பரவலாக நடக்கிறது.

பின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தேய்மானத்தால் வந்த உட்பக்க மெனிஸ்கஸ் கிழிசல். எல்லோரையும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், துளையிட்டு, கேமராவை உள்ளே விட்டார்கள். ஒரு பாதிக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மறுபாதிக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்துவிட்டுத் துளையை மூடினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து இரு பிரிவினரும் நன்றாகவே தேறியிருந்தார்கள், ஒரே அளவுக்கு. 2013 இல் வெளியான இந்த முடிவு ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறது: 'பக்கத்து வீட்டுக்காரர் செய்துகொண்டார், நன்றாக நடக்கிறார்' என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் வெட்டியதால்தான் அவர் நடக்கிறார் என்பது உறுதியில்லை.

அதே ஆண்டு அமெரிக்காவில் 45 வயதைக் கடந்த 351 பேரிடம் செய்த ஒப்பீட்டில் பிசியோதெரபிப் பிரிவும் அறுவை சிகிச்சைப் பிரிவும் ஆறு மாதத்தில் ஏறத்தாழச் சமமாக இருந்தன. பயிற்சிப் பிரிவில் 30 சதவீதம் பேர் அதற்குள் அறுவை சிகிச்சைக்கு மாறிக்கொண்டார்கள். நெதர்லாந்தில் 321 பேரைக் கொண்டு நடந்து 2018 இல் வெளியானதிலும் இரண்டாண்டு முடிவில் பயிற்சி பின்தங்கவில்லை, 29 சதவீதம் பேர் மட்டும் பிறகு செய்துகொண்டார்கள். ஆகவே உங்கள் வயதில், மூட்டு பூட்டிக்கொள்ளாதபோது, முதலில் பயிற்சி. அது பலிக்காத மூவரில் ஒருவராக நீங்கள் இருந்தால் கதவு மூடிவிடாது, அப்போதும் செய்துகொள்ளலாம்.

ஒரு விலக்கு உண்டு, அதைத் தவறவிடக் கூடாது. நடுவயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, தரையிலிருந்து எழும்போதோ படி ஏறும்போதோ முழங்காலின் பின்பக்கம் 'டப்' என்று ஓர் ஒலி கேட்டு, அன்றிலிருந்து கடும் வலி வந்தால் அது மெனிஸ்கஸ் எலும்பில் பிடித்திருக்கும் வேரே பிய்ந்ததாக இருக்கலாம். வேர் போனால் மெனிஸ்கஸ் முழுதும் வெளியே தள்ளப்பட்டு, இல்லாததற்குச் சமமாகிவிடும், மூட்டு வேகமாகத் தேயும். தேய்மானம் முற்றாதவருக்கு வேரைத் திரும்ப எலும்பில் கட்டும் அறுவை சிகிச்சை பயன் தரும். மேலே சொன்ன 'முதலில் பயிற்சி' என்ற விதியை இதற்குப் பொருத்தக் கூடாது. உங்கள் அறிக்கையில் 'ரூட் டேர்' (root tear) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மெனிஸ்கஸை வெட்டி எடுப்பது நல்லதா, தைப்பது நல்லதா?

வெட்டினால் சில வாரங்களில் வேலைக்குப் போகலாம். தைத்தால் மாதக்கணக்கில் கட்டுப்பாடு, அதற்குப் பிறகும் தையல் பிரிந்து இரண்டாம் முறை உள்ளே போக நேரலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு தையல் தோற்றிருக்கிறது. இதைக் கேட்டவுடன் 'வெட்டிவிடுங்கள் டாக்டர்' என்று சொல்லத் தோன்றும்.

வெட்டுவதன் விலை பின்னால் வருகிறது. ஒரு காலத்தில் மெனிஸ்கஸ் பயனற்ற எச்சம் என்றே கருதி முழுதாகக் கழற்றி எறிந்தார்கள். லண்டனின் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948 இல், அப்படி எடுக்கப்பட்ட மூட்டுகளின் எக்ஸ்ரேயில் காலப்போக்கில் வரும் மாற்றங்களை வரிசைப்படுத்திக் காட்டினார். எடையைப் பரப்பித் தாங்கும் பகுதி போய்விட்டால் எலும்பு நேரடியாக அடி வாங்குகிறது. எவ்வளவு வெட்டுகிறார்களோ அவ்வளவு தேய்மானம். வெளிப்பக்க மெனிஸ்கஸை இழந்தால் இளையவர்களுக்கு இன்னும் வேகம்.

எனவே வயது குறைவாக, கிழிசல் விளிம்பருகில், செங்குத்தாக, புதிதாக இருந்தால் தைப்பதற்கே முயல வேண்டும். ஏசிஎல்லோடு சேர்த்துத் தைக்கும்போது ஆறும் வாய்ப்பு கூடுகிறது. புதிய லிகமென்ட்டைச் செலுத்த எலும்பில் சுரங்கம் துளைக்கும்போது வரும் இரத்தமும் மஜ்ஜையும் அதற்கு உதவுகின்றன என்று கருதப்படுகிறது. அறுவைக்கு முன் 'எத்தனை சதவீதம் வெட்டுவீர்கள், தைக்க முடிந்தால் தைப்பீர்களா' என்று கேளுங்கள். உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்று மருத்துவர் சொன்னால் அது மழுப்பல் இல்லை, உண்மையே.

புதிய ஏசிஎல்லுக்கு எங்கிருந்து எடுக்கிறார்கள்? எது சிறந்தது?

அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக வேறொரு தசைநாணை எடுத்து வைக்கிறார்கள். எல்லாருக்கும் சிறந்தது என்று ஒன்று இல்லை. தொடையின் பின்பக்க ஹாம்ஸ்ட்ரிங் தசைநாண் நம்மிடையே மிகப் பரவலானது. தழும்பு சிறிது, முன்பக்க வலி குறைவு. ஆனால் முழங்காலை மடக்கும் வலிமையில் கொஞ்சம் குறையும். குட்டையானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் மெல்லியதாகக் கிடைக்கலாம். 8 மி.மீ.க்குக் குறைந்த தடிமன், அதுவும் இருபது வயதுக்குட்பட்டவருக்கு, மறுபடி அறுவதற்கான காரணிகளில் ஒன்று.

முழங்கால் சிப்பிக்குக் கீழேயுள்ள பட்டெல்லா தசைநாணை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது பழைய முறை. எலும்போடு எலும்பு ஒட்டுவதால் உறுதி. ஆனால் மண்டியிட்டால் வலிக்கும். தொழுகைக்கோ, தேவாலயத்தில் முழந்தாளிடவோ, தரையில் உட்கார்ந்து வேலை செய்யவோ வேண்டியவர் இதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சிப்பிக்கு மேலேயுள்ள குவாட்ரிசெப்ஸ் தசைநாணும், கணுக்காலின் வெளிப்பக்கத்திலிருந்து எடுக்கும் பெரோனியஸ் லாங்கஸும் இப்போது அதிகம் பயன்படுகின்றன.

இறந்தவரின் கொடைத் தசைநாண் நடுவயதினருக்குப் பரவாயில்லை. இளம் விளையாட்டு வீரர்களுக்கு அது அறுந்துபோகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது அமெரிக்கப் பதிவேடுகளில் தெளிவாகத் தெரிந்தது. செயற்கை இழைகளை 1980களில் ஆர்வமாக வைத்துப் பார்த்தார்கள். அவை நைந்து, மூட்டுக்குள் துகள்களை உதிர்த்து, வீக்கத்தை உண்டாக்கி, பெரும்பாலும் கைவிடப்பட்டன.

மறுபடியும் அறுந்துபோகும் ஆபத்து யாருக்கு அதிகம்?

முதல் காரணி வயது. தொகுப்பாய்வு ஒன்றில், ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் மொத்தம் 15 சதவீதம் பேருக்கு இரண்டாவது முறை ஏசிஎல் அறுந்தது. அதில் 7 சதவீதம் அதே காலில், 8 சதவீதம் நல்ல காலில். நல்ல கால் என்று நாம் நம்பும் காலுக்கும் ஏறக்குறைய அதே ஆபத்து இருக்கிறது. 25 வயதுக்குட்பட்டு, விளையாட்டுக்கும் திரும்பியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 23 சதவீதம். ஏறத்தாழ நான்கில் ஒருவர்! பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு இந்த எண்ணை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மற்றவை: கட்டைவிரல் முன்கையைத் தொடும் அளவுக்கு மூட்டுகள் தளர்வாக இருப்பது, கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்னோக்கி 12 டிகிரிக்கு மேல் சரிந்திருப்பது, எலும்பில் சுரங்கத்தைச் சரியான இடத்தில் துளைக்காதது, கூடவே இருந்த மெனிஸ்கஸ் வேர்க் கிழிசலையோ பக்கவாட்டு லிகமென்ட் சேதத்தையோ கவனிக்காமல் விட்டது. கடைசி இரண்டும் அறுவை அரங்கில் நிர்ணயமாகின்றன. அதனால்தான் இந்த அறுவையை அடிக்கடி செய்பவரிடம் போவது வீண் பெருமைக்காக அல்ல என்கிறேன்.

மூட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகக் கட்டினால் இந்த இளையவர்களுக்கு உதவுமா என்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் 25 வயதுக்குட்பட்ட 618 பேரிடம் சோதித்தார்கள். ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் வைத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இரண்டாண்டில் புதிய லிகமென்ட் அறுந்தது, பட்டையும் சேர்த்தவர்களில் 4 சதவீதம். 2020 இல் இது வெளியானபின் ஆபத்து அதிகமுள்ள இளைஞர்களுக்கு அதைச் சேர்த்துச் செய்வது வழக்கமாகி வருகிறது. உங்கள் பிள்ளைக்கு அது தேவையா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்போது மறுபடி விளையாடலாம்?

'ஆறு மாதம்' என்று எங்கும் சொல்கிறார்கள். அந்த ஆறு மாதம்தான் பலரை இரண்டாம் முறை மேசையில் படுக்க வைக்கிறது.

வைத்த தசைநாண் முதலில் வலுவாக இருக்கும், பிறகு பலவீனமடையும். உடல் அதைத் தன் இரத்தக் குழாய்களைக் கொண்டு மறுபடி கட்டியெழுப்ப மாதங்கள் ஆகின்றன. வலி அடங்கி, நடை சீராகி, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தோன்றும் முதல் மூன்று மாதத்துக்குள்தான் அது மிக மெலிந்திருக்கும்.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 106 பேரை இரண்டாண்டு தொடர்ந்த ஆய்வு 2016 இல் வந்தது. ஒன்பதாவது மாதம் வரை விளையாட்டை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் அடிபடும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தொடைத் தசை வலிமை, ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் முதலிய சோதனைகளில் தேறிய பின் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு மீண்டும் அடிபட்டது. தேறாமலே திரும்பியவர்களில் 38.2 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் வேறுபாடு புறக்கணிக்கக்கூடியதல்ல.

ஆக, ஒன்பது மாதம் ஆக வேண்டும், சோதனையிலும் தேற வேண்டும். அடிபட்ட காலின் வலிமை மறு காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஊர்த் திருவிழாக் கபடிப் போட்டி ஏழாவது மாதத்தில் வருகிறது என்பதற்காக எலும்புக்குள் நடக்கும் வேலை வேகமெடுக்காது. அணித் தலைவரும் நண்பர்களும் வீட்டு வாசலில் நிற்கும்போது இதைச் சொல்ல வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட். அவரும் அடக்கி வாசித்தால் பையன் மைதானத்தில் இறங்கிவிடுவான்.

ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கி, 2023 ஜனவரியில் மும்பையில் முழங்கால் லிகமென்ட் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். போட்டிக் களத்துக்கு வந்தது 2024 மார்ச்சில், ஐபிஎல்லில். அவருக்கு முழு நேரப் பயிற்சியாளர்களும் நாட்டின் சிறந்த வசதிகளும் இருந்தன. அவருடைய காயம் பெரியது என்பதும் உண்மைதான். இருந்தாலும் பதினான்கு மாதம் பொறுத்தார் என்பதை மாவட்ட அணி வீரர்கள் நினைவில் கொள்ளலாம்.

முன்பு ஆடிய அளவுக்கு ஆட முடியுமா?

2014 இல் வந்த தொகுப்பின்படி ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், அடிபடுவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம், போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம். திரும்பாதவர்கள் எல்லோருக்கும் கால் சரியாகவில்லை என்று பொருளில்லை. பலர் மறுபடி அடிபடுமோ என்ற பயத்தில் நிறுத்திவிடுகிறார்கள். படிப்பு, வேலை, திருமணம் என்று வாழ்க்கை வேறு பக்கம் போனவர்களும் உண்டு. பயத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது.

அறுவை சிகிச்சையால் வரக்கூடிய சிக்கல்கள் என்ன?

மூட்டுக்குள் சீழ்த்தொற்று அரிது, பெரும்பாலான இடங்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வந்தால் மறுபடி மறுபடி கழுவ வேண்டியிருக்கும், குருத்தெலும்பு கெடும். எடுத்த தசைநாணை வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக் கரைசலில் ஊறவைத்து வைப்பது இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பல நாடுகளில் தெரிந்துகொண்டார்கள். உங்கள் மருத்துவமனையில் செய்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

கால் நாளங்களில் இரத்தக்கட்டி: நெதர்லாந்தில் ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் மூட்டு அறுவை) செய்துகொண்டவர்களிடம் இரத்தக்கட்டித் தடுப்பு ஊசியைச் சோதித்தபோது, ஊசி போட்டவர்களில் 0.7 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 0.4 சதவீதம் பேருக்கும் வந்தது. அதாவது எல்லோருக்கும் ஊசி வேண்டியதில்லை. குடும்பத்தில் இரத்தக்கட்டி வரலாறு உள்ளவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர், முன்பு வந்தவர் ஆகியோர் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது மூட்டு இறுக்கம். முழுதாக மடங்காததைவிட முழுதாக நீட்ட முடியாததுதான் பெரிய பிரச்சினை: ஐந்து டிகிரி குறைந்தாலும் நொண்டுவீர்கள், தொடைத் தசை எழும்பாது. தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்துப் படுப்பது இதமாக இருக்கும், ஆனால் செய்யக் கூடாது. குதிகாலுக்கு அடியில் வையுங்கள். தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப்போவது மிகச் சாதாரணம். ஓரளவு குறையும், சிலருக்கு நிரந்தரமாக இருக்கும், கால் வேலையைப் பாதிக்காது.

காய்ச்சலோடு மூட்டு சூடாகி வலி ஏறினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

புகை, சர்க்கரை, உடல் எடை?

மூன்றும் முடிவைக் கெடுக்கும். புகைப்பவர்களுக்கு மெனிஸ்கஸ் தையல் ஆறுவது குறைவு, தொற்று அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி குறியுங்கள். எடை குறைத்தால் தைத்த இடத்தில் விழும் சுமை குறையும்.

புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாமா?

ஆந்திரப் புத்தூருக்கு எலும்பு முறிவுக்காகப் போகும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. உடைந்த எலும்பு அசையாமல் இருந்தால் கூடும். மூட்டுக்குள் அறுந்த ஏசிஎல்லுக்கு அந்த விதி பொருந்தாது. ஆறு வாரம் இறுக்கிக் கட்டினால் லிகமென்ட் ஒட்டுகிறதோ இல்லையோ, தொடைத் தசை சுருங்கி, மூட்டு இறுகிவிடும். அதை மீட்கவே கூடுதலாக மாதங்கள் வேண்டும்.

சம்மணம் போட்டு உட்காரலாமா? தரையோடு அமைந்த கழிப்பறை?

ஏசிஎல் மட்டும் செய்திருந்தால், மடக்கும் அளவு திரும்பியபின் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் படிப்படியாகப் பழகலாம். மெனிஸ்கஸ் தைத்திருந்தால் கதை வேறு. எடையைத் தாங்கிக்கொண்டு 90 டிகிரிக்கு மேல் மடக்கும்போது தையலின் மீது நேரடியாக இழுவை விழுகிறது, குறைந்தது முதல் மூன்று நான்கு மாதம் குந்தவே கூடாது. வேரைக் கட்டியிருந்தால் இன்னும் நீளும். வீட்டில் தரைக் கழிப்பறை மட்டும் இருக்கிறதென்றால், அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்க்கும்போதே மேலே வைக்கும் கழிப்பறை நாற்காலிக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல் பிரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருந்தும், வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இதை எழுதுகிறவர்கள் குறைவு.

அறுவை செய்துகொண்டால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வராதா?

வராது என்று உறுதி சொல்ல முடியாது. சுவீடனில் ஏசிஎல் அறுந்த பெண் கால்பந்து வீராங்கனைகளைப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சராசரியாக முப்பத்தொரு வயதிலேயே பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. லிகமென்ட்டைப் புதிதாக வைத்துக்கொண்டவர்களும் தப்பவில்லை. அடிபட்ட நொடியில் குருத்தெலும்புக்கு விழும் அடியை எந்த அறுவையும் திருப்பி எடுக்காது. லிகமென்ட் அறுவை சிகிச்சை தருவது நழுவாத கால், அதன் வழியாக மெனிஸ்கஸுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. 'இப்போது செய்யாவிட்டால் பிறகு மூட்டையே மாற்ற வேண்டிவரும்' என்று யாராவது பயமுறுத்தினால் ஆதாரம் கேளுங்கள்.

வேலைக்கு எப்போது போகலாம்? பைக் எப்போது ஓட்டலாம்?

மேசை வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் போய்விடலாம், பஸ்ஸில் நின்று போவதுதான் சிரமம். சுமை தூக்குவோர், கட்டட வேலை செய்வோர், ஏணி ஏறுவோர் நான்கு முதல் ஆறு மாதம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கார் ஓட்டுவதற்கு வலது கால் என்றால் அவசரமாக பிரேக் மிதிக்கும் வேகம் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். பைக்கில் ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் சிக்கல்: சிக்னலில் வண்டி சாயும்போது ஊன்றும் கால் எதுவோ அதில்தான் முறுக்கு விழும். மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். கிக்கர் உதைத்துக் கிளப்பும் வண்டி என்றால் இன்னும் சில மாதம் வேறொருவர் உதைக்கட்டும். அறுவை செய்தது இடது கால் என்றாலும் அப்படித்தான், ஏனென்றால் வலது கால் உதைக்கும்போது உடல் முழுதும் நிற்பது அந்த இடது காலில்.